வெள்ளை அணு கம்மினா ப்ரோபயாட்டிக் பாக்கெட்டும் நீச்சத்தண்ணியும் ஏத்திவிடுமா?

பாம்பன்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அப்பா நாட்டுப்படகுல தொழிலுக்குப் போறவரு, பத்து நாள் முன்னாடி கடுமையான காய்ச்சல், உடம்பு வலி, டெங்குவா இருக்கலாம்னு சொல்லியிருக்காங்க, கூடவே அஞ்சு நாளைக்கு ஆன்டிபயாட்டிக்கும் எழுதிக் குடுத்துட்டாங்க. இப்ப காய்ச்சல் இல்ல, ஆனா வெள்ளை அணு 3,100-னு ரிப்போர்ட் வந்துருக்கு. மெடிக்கல் ஷாப்ல ஒருத்தரு "குடல்ல நல்ல பாக்டீரியா செத்துப்போச்சு, அதான் கவுண்ட் ஏறல"னு சொல்லி, உயிருள்ள நல்ல கிருமினு விக்கிற ப்ரோபயாட்டிக் குடுத்துருக்காரு, வீட்டுல அப்பத்தா பழைய சோத்து நீச்சத்தண்ணி குடிச்சா எல்லாம் சரியாயிரும்ங்குறாங்க, இதுல யார் சொல்றது சரி, குடல் பாக்டீரியாவுக்கும் ரத்தத்துல ஓடுற வெள்ளை அணுவுக்கும் என்னங்க சம்பந்தம்னு கேள்வி.

சம்பந்தம் இருக்கு தம்பி, நெறையவே இருக்கு, ஆனா மெடிக்கல் ஷாப்காரர் சொன்ன மாதிரி இல்ல. கொஞ்சம் நீளமா சொல்றேன், டீ போட்டு வச்சுக்கிட்டு படிங்க. நான் டாக்டர் இல்ல, மண்டபம் பக்கத்து ஆளு, ராமநாதபுரத்துல லேப்ல ரத்தம் எண்ணியே பாதி வயச கழிச்சவன், அப்புறம் மைக்ரோபயாலஜி படிச்சு இப்ப பசங்களுக்குப் பாடம் எடுக்குறேன். அதனால மொதல்ல அந்த 3,100-ல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா பாதி பயம் அந்த நம்பர தப்பாப் படிக்கிறதுலதான் வருது.

இப்ப மெஷின்ல ரத்தத்த வச்சா நிமிஷத்துல பேப்பர் வந்துரும். நாங்க எண்ணுன காலத்துல ரத்தத்த டர்க்ஸ் திரவத்துல 20 மடங்கு கலக்கி, சிவப்பணு எல்லாம் கரைஞ்சதுக்கப்புறம், நியூபார் சேம்பர்னு ஒரு கண்ணாடிக் கட்டத்துல விட்டு, நாலு மூலைக் கட்டத்துல இருக்குற வெள்ளை அணுவ மைக்ரோஸ்கோப்புல எண்ணி 50-ஆல பெருக்குவோம். உங்க அப்பாவுக்கு நான் எண்ணியிருந்தா 62 அணு வந்துருக்கும், அதான் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்துக்கு 3,100. இன்னொரு எட்டு அணு கூட கண்ணுல பட்டிருந்தா 3,500 ஆயிருக்கும். மெஷின் இத விட துல்லியம்தான், இருந்தாலும் அதே ஆளுக்கு காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுனு மாறும், ஓடிட்டு வந்து குடுத்தா கூடும், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டா கூடும். 4,000-ல இருந்து 11,000 வரைக்கும் நார்மல்னு போடுறோம், 3,100-ங்குறது கீழதான், ஆனா ஊரக் கூட்டுற அளவுக்கு இல்ல.

மொத்த கவுண்ட்ட விட முக்கியமானது அதுக்குள்ள கிருமிய முழுங்குற வகையான நியூட்ரோபில் எவ்வளவுங்குறது. ரிப்போர்ட்ல டிஃபரென்ஷியல் கவுண்ட்னு கீழ ஒரு பட்டியல் இருக்கும் பாருங்க, நியூட்ரோபில் 38, லிம்போசைட் 50, மோனோசைட் 10, ஈஸ்னோபில் 2 அப்படினு சதவீதமா. நீங்க அத அனுப்பல, அதனால ஒரு கணக்குக்கு 38-னு வச்சுப்போம். 3,100-ல 38 சதவீதம்னா 1,178. 1,500-க்குக் கீழ போனா நியூட்ரோபில் கம்மினு சொல்லுவோம், 1,000 வரைக்கும் லேசான கொறைச்சல், 500-க்குக் கீழ போனாதான் ஆபத்து. அந்த 500-க்குக் கீழ இருக்குற ஆளுக்கு 100.4 டிகிரி காய்ச்சல் அடிச்சா அது ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடவேண்டிய விஷயம், தயிரு மோருனு வீட்டுல பாத்துக்கிட்டு இருக்கக்கூடாது.

இப்ப இந்த அணுவெல்லாம் எங்க உருவாகுதுனு பாப்போம். எலும்பு மஜ்ஜை. இடுப்பெலும்பு, நெஞ்செலும்பு, முதுகெலும்புக்குள்ள இருக்குற அந்தக் கொழகொழப்பான பகுதிலதான் ஸ்டெம் செல்லு உக்காந்து பிரிஞ்சு பிரிஞ்சு எல்லா ரத்த அணுவையும் போடுது. நியூட்ரோபில் மட்டும் ஒரு நாளைக்கு சுமாரா 10,000 கோடி உற்பத்தி ஆகுது, ஏன் இம்புட்டுனா அது ரத்தத்துல ரொம்ப நேரம் இருக்காது, கிருமிய முழுங்கி தானும் செத்துப்போற ஜாதி. நம்ம ஊர் பாஷைல சொன்னா மஜ்ஜைதான் படகு கட்டுற ஜெட்டி, ரத்தம்தான் கடல், நியூட்ரோபில்தான் போட்டு, அதாவது படகு. நீங்க ரிப்போர்ட்ல பாக்குறது நடுக்கடல்ல ஓடிக்கிட்டு இருக்குற போட்ட மட்டும்தான். ஏறக்குறைய அதே அளவு போட்டு ரத்தக் குழாயோட சுவர ஒட்டி நங்கூரம் போட்டு நிக்கும், அது கவுண்ட்ல வராது. ஜெட்டிலயே பல மடங்கு கட்டிக் கெடக்கும், அதுவும் வராது. அதனாலதான் ஒரு இன்ஃபெக்‌ஷன் வந்தா சில மணி நேரத்துலயே கவுண்ட் 15,000-க்கு எகிறுது, புதுசா செஞ்சு அனுப்புனது இல்ல, கட்டிக் கெடந்தத அவுத்துவிட்டதுதான்.

சரி, அவுத்துவிடச் சொல்றது யாரு, புதுசா எத்தன போட்டு கட்டணும்னு சொல்றது யாரு? ராமேஸ்வரத்துல மீன்வளத்துறை டோக்கன் குடுத்தாதான் விசைப்படகு கடலுக்குள்ள போகும்ல, அது மாதிரி மஜ்ஜைக்கு ஒரு டோக்கன் இருக்கு, ஜி-சிஎஸ்எஃப்னு பேரு. உடம்பே சுரக்குற ஒரு புரதம். கீமோதெரபி எடுக்குறவங்களுக்கு கவுண்ட் விழுந்தா ஃபில்கிராஸ்டிம்னு ஊசி போடுறாங்களே, அது இதேதான், ஃபேக்டரில செஞ்ச டோக்கன். மஜ்ஜைல புதுசா செய்ய வச்சு வெள்ளை அணுவ ஏத்துறதுக்கு டாக்டருங்க குடுக்குறது முக்கியமா அந்த வகை ஊசிதான், வேற பாக்கெட் எதுவும் அந்த வேலையச் செய்யாது.

இங்கதான் குடல் உள்ள வருது. சண்டை இல்லாத நேரத்துல, காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இல்லாம நல்லா இருக்குற அன்னைக்கும் மஜ்ஜை ஒரு அளவுல ஓடிக்கிட்டே இருக்கணும்ல, அந்த அளவ வைக்கிறதுல பெருங்குடல்ல கெடக்குற பாக்டீரியாவுக்கு ஒரு கை இருக்குனு கடந்த பதினஞ்சு வருஷத்துலதான் தெளிவாத் தெரிஞ்சுது. எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னா, பொறந்ததுல இருந்தே ஒரு பாக்டீரியா கூட உடம்புல இல்லாம, கிருமி புகாத கூண்டுக்குள்ள வளக்குற எலி இருக்கு. அந்த எலிக்கு மஜ்ஜைல நியூட்ரோபில், மோனோசைட் போடுற செல்லு கம்மியா இருக்கும். 2014-ல அமெரிக்காவுல கால்டெக்-ல செஞ்ச ஆராய்ச்சி, இந்த மாதிரி எலிக்கு லிஸ்டீரியாங்குற கிருமிய ஏத்துனா சாதாரண எலி தாங்குற அளவ இது தாங்கல, அப்புறம் அதுக்கு சாதாரண எலியோட குடல் பாக்டீரியாவக் குடுத்தா அந்தக் கொறை சரியாகுது. அதே வருஷம் சுவிட்சர்லாந்துல பெர்ன்-ல இன்னொரு குழு பாத்தது எனக்கு இத விடப் பிடிச்சது. குடல்ல பாக்டீரியா வகை கூடக் கூட மஜ்ஜைல அந்த செல் கூட்டமும் பெருசாகுது. ஒரு வகை, ரெண்டு வகைல அம்புட்டு நடக்காது, பல வகை சேந்து இருந்தாதான். இத மனசுல வச்சுக்கங்க, பாக்கெட் கதைக்கு வரும்போது தேவைப்படும்.

பாக்டீரியா குடல்ல இருக்கு, மஜ்ஜை எலும்புக்குள்ள இருக்கு, நடுவுல எப்படிப் பேசிக்கிதுங்க? பாக்டீரியா உயிரோட ரத்தத்துக்குள்ள போறதில்ல, போனா அது செப்சிஸ்ங்குற உயிருக்கே ஆபத்தான நெலைல முடியலாம். அதோட உடைஞ்ச துண்டுகதான் போகுது. பாக்டீரியாவோட செல் சுவர் பெப்டிடோகிளைக்கன்னு ஒரு பொருளால ஆனது, பாக்டீரியா செத்து ஒடையும்போது அதுல துணுக்குத் துணுக்கா கொஞ்சம் குடல் சுவரத் தாண்டி ரத்தத்துல கலக்குது. 2010-ல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல இந்தத் துணுக்குக்கு அடையாளம் போட்டு விட்டுப் பாத்தாங்க, ரத்தத்துலயும் இருக்கு, மஜ்ஜைலயும் இருக்கு. அங்க செல்லுல சேதி வாங்குற கொக்கி மாதிரி இருக்குற நாட்-1னு ஒரு ரிசெப்டார் அதப் புடிச்சுக்கிது, புடிச்சதும் நியூட்ரோபில்லோட கொல்ற வேகம் கூடுது. ஆன்டிபயாட்டிக் குடுத்து குடலக் கழுவிட்ட எலிக்கு நியூட்ரோபில் இருந்தாலும் நிமோனியாக் கிருமியக் கொல்றதுல மந்தமா இருந்துச்சு. அதாவது எண்ணிக்கை ஒண்ணு, தரம் ஒண்ணு, ரெண்டையுமே குடல் தொடுது.

இன்னொரு வழி நார்ச்சத்து வழி. நாம செரிக்க முடியாத நார பெருங்குடல்ல பாக்டீரியா தின்னுட்டு அசிடேட், புரோபியோனேட், பியூட்டிரேட்னு சின்னச் சின்னக் கொழுப்பு அமிலங்களக் கக்குது. இதுல பியூட்டிரேட் பெருங்குடல் சுவர் செல்லுக்கே சாப்பாடு. புரோபியோனேட்டோட தாக்கம் மஜ்ஜை வரைக்கும் போகுது. 2014-ல எலிக்கு நார் கூடுன தீவனம் குடுத்துப் பாத்தாங்க, மஜ்ஜைல உருவாகுற, மத்த எதிர்ப்பு அணுவுக்கு சேதி சொல்ற டென்ட்ரிடிக் செல்லோட குணமே மாறி அலர்ஜி ஆஸ்துமா கொறைஞ்சுச்சு. தின்ன நாரு எலும்புக்குள்ள என்ன வகை அணு பொறக்கணும்னு தீர்மானிக்குது, நெனச்சுப் பாத்தா எனக்கு இப்பவும் ஆச்சரியம்தான்.

ஆன்டிபயாட்டிக் பத்தி நீங்க கேட்டதுக்கு வர்றேன். 2017-ல வந்த ஒரு ஆராய்ச்சி, எலிக்கு ரெண்டு வாரம் பலவகைக் கிருமியக் கொல்ற ஆன்டிபயாட்டிக் குடுத்தாங்க, ரத்தத்துல வெள்ளை அணு கொறைஞ்சுது, மஜ்ஜைல ஸ்டெம் செல்லும் கொறைஞ்சுது. மனுஷங்கள்லயும் பென்சிலின், செஃப்ட்ரையாக்ஸோன் வகை மருந்த ரெண்டு வாரம் மூணு வாரம்னு ஏத்தும்போது சிலருக்கு நியூட்ரோபில் விழுறது டாக்டர்களுக்குப் பழைய விஷயம், மருந்து நேரா மஜ்ஜையத் தாக்குறதுதான் காரணம்னு நெனச்சாங்க, இப்ப குடல் காலியாகுறதும் ஒரு காரணமா இருக்கலாம்னு பாக்குறாங்க. ஆனா கவனிங்க, அதெல்லாம் வாரக்கணக்கு. உங்க அப்பா சாப்பிட்டது அஞ்சு நாள். அஞ்சு நாள் மாத்திரைல இருந்து இந்த 3,100 வந்துச்சுனு நான் நம்ப மாட்டேன்.

வேற எதுல இருந்து வந்துச்சு? டெங்குவா இருந்தா டெங்குலதான். டெங்குல பிளேட்லெட் விழுறதத்தான் எல்லாரும் பேசுறாங்க, அதுக்கு முன்னாடியே வெள்ளை அணு விழும், வைரஸ் கொஞ்ச நாள் மஜ்ஜைய அமுக்கி வச்சிருக்கும். பொதுவா வைரஸ் காய்ச்சல்ல ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா ஏறிரும். டைஃபாய்டுலயும் விழும், மலேரியாவுலயும் விழும், ராமேஸ்வரம் தீவு பக்கம் மலேரியா நெறைய வருஷமா இருக்குறதுதான, அதனால காய்ச்சல் திரும்ப வந்தா ரத்தத்த ஸ்லைடுல தேச்சு மலேரியாக் கிருமி இருக்கானு பாக்குற ஸ்மியர் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. இது போக பி-12 கொறைஞ்சா விழும், தைராய்டு கூடுதலுக்குக் குடுக்குற கார்பிமசோல் மாத்திரை சில பேருக்குத் திடீர்னு நியூட்ரோபில்ல தரமட்டமாக்கிரும், மண்ணீரல் வீங்குனா விழும், அரிதா மஜ்ஜை நோய்லயும் விழும். அப்பா வேற என்ன மாத்திரை சாப்பிடுறாருன்னு ஒரு பட்டியல் எடுத்து டாக்டர்கிட்ட குடுங்க, நாட்டு மருந்து, வலி மாத்திரை உட்பட. கடலுக்குப் போறவங்க முதுகு வலிக்கு என்னென்னமோ வாங்கி முழுங்குறது எனக்குத் தெரியும், எங்க வீட்டுலயும் அதே கதைதான்.

இப்ப பாக்கெட்டுக்கு வருவோம். ப்ரோபயாட்டிக்னா உயிரோட இருக்குற கிருமி, போதுமான அளவு குடுத்தா உடம்புக்கு ஒரு நன்மை செஞ்சதா நிரூபணம் இருக்கணும், அதான் விளக்கம். நம்ம ஊர்ல அதிகம் குடுக்குறது ரெண்டு, ஒண்ணு பேசில்லஸ் கிளாசி, குட்டி பிளாஸ்டிக் குப்பில தண்ணி மாதிரி வரும், இன்னொண்ணு சாக்கரோமைசஸ் பவுலார்டி, அது பாக்டீரியாவே இல்ல, ஈஸ்ட். அந்தக் குப்பில 200 கோடி ஸ்போர் இருக்குன்னு போட்டிருக்கும், கேக்க பெருசா இருக்கும். நம்ம உடம்புல இருக்குற பாக்டீரியா சுமாரா 38 லட்சம் கோடி. கணக்குப் போட்டா குப்பில இருக்குறது 19,000-ல ஒரு பங்கு. அதுவும் ஒரே வகை, பெரும்பாலும் தங்காது, உள்ள வந்து நாலஞ்சு நாள் இருந்துட்டு வெளிய போயிரும். சீசனுக்கு வந்து கோடிக்கரை போயிட்டுத் திரும்பிப் போற பறவை மாதிரினு வச்சுக்கங்களேன், வந்து போகும், ஊரா மாறாது.

தங்காட்டியும் போகும்போது ஏதாவது நல்லது செஞ்சுட்டுப் போகலாம்ல, செய்யும், சில விஷயத்துல செஞ்சிருக்கு. ஆன்டிபயாட்டிக்கால வர்ற வயித்துப்போக்கக் கொறைக்கிறதுக்கு சில வகைக்கு ஓரளவு ஆதாரம் இருக்கு. அத விட பெரிய விஷயம் நம்ம நாட்டுலயே நடந்தது, 2017-ல வெளியான ஒடிசா ஆராய்ச்சி. கிராமத்துல பொறந்த 4,556 பச்சப்புள்ளைங்கள ரெண்டு பிரிவாப் பிரிச்சு, ஒரு பிரிவுக்கு லாக்டோபேசில்லஸ் பிளான்டேரம்னு ஒரு வகையையும் அது தின்னுறதுக்கு ஒரு சக்கரை நாரையும் சேத்து ஏழு நாள் குடுத்தாங்க. செப்சிஸ் அல்லது சாவு ஒரு பிரிவுல 9 சதவீதம், குடுத்த பிரிவுல 5.4 சதவீதம். இது சாதாரண வித்தியாசம் இல்லைங்க. ஆனா அது பொறந்து சில நாளே ஆன, தாய்ப்பால் குடிக்கிற, குடல் இன்னும் காலியா இருக்குற புள்ள. அம்பது வயசு ஆளோட குடல் ஏற்கனவே ஜனம் நெறைஞ்ச ஊரு, அங்க புதுசா வர்றவனுக்கு இடம் கெடைக்காது.

வளந்தவங்கள்ல வெள்ளை அணு விஷயமா பாத்தா, நியூசிலாந்துல 2001-ல வயசானவங்க 30 பேருக்கு பிஃபிடோபாக்டீரியம் லாக்டிஸ்ல ஒரு வகையப் பால்ல கலந்து குடுத்தாங்க, அவங்க வெள்ளை அணு கிருமிய முழுங்குற வேகமும் வைரஸ் புகுந்த செல்லக் கொல்ற வெள்ளை அணு வகையான என்கே செல்லோட சக்தியும் கூடுச்சு. நல்ல முடிவுதான். ஆனா 30 பேருதான், அதோட கூடுனது வேல செய்யுற தரம். உங்க கேள்வி எண்ணிக்கையப் பத்தி. கவுண்ட் கம்மியா இருக்குறவங்களுக்கு ப்ரோபயாட்டிக் குடுத்து கவுண்ட்ட ஏத்துறதுங்குறது எந்த மருத்துவ வழிமுறைலயும் சிகிச்சையா இல்ல. பாக்கெட் அட்டைல "எதிர்ப்பு சக்தி"னு பெருசாப் போட்டிருக்குறதுக்கும் ரிப்போர்ட்ல இருக்குற நம்பருக்கும் ரொம்ப தூரம்.

இதுல இன்னொரு வேடிக்கை இருக்கு. 2018-ல இஸ்ரேல்ல ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு முடிச்சவங்கள வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. ஒரு கூட்டத்துக்கு பல வகை கலந்த ப்ரோபயாட்டிக், ஒரு கூட்டத்துக்கு ஒண்ணும் கெடையாது, ஒரு கூட்டத்துக்கு ஆன்டிபயாட்டிக்குக்கு முன்னாடி எடுத்து வச்சிருந்த அவங்க சொந்த மலத்துல இருந்த பாக்டீரியாவையே திருப்பிக் குடுத்தாங்க. சொந்தத்தையே வாங்குனவங்களுக்கு சீக்கிரமா பழைய நெலைக்கு வந்துருச்சு, சும்மா விட்டவங்களுக்கும் மெல்ல வந்துச்சு, ப்ரோபயாட்டிக் சாப்பிட்டவங்களுக்குத்தான் பழைய ஊர் திரும்ப ரொம்ப நாள் ஆச்சு! வெளியூர்க்காரன் வந்து எடத்தப் புடிச்சுக்கிட்டு சொந்த ஊர்க்காரன உள்ள விடல. அதனால "ஆன்டிபயாட்டிக்குனா கூட ப்ரோபயாட்டிக்"னு கண்ண மூடிக்கிட்டு எழுதுறது எனக்கு ஒப்புக்கிறதில்ல.

அந்த சொந்த பாக்டீரியா விஷயம் வெள்ளை அணுவுலயும் வந்துருக்கு, மனுஷங்கள்ல இருக்குற நல்ல ஆதாரம்னா எனக்குத் தெரிஞ்சு இதுதான். நியூயார்க்ல ஒரு பெரிய கேன்சர் ஆஸ்பத்திரி, மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங், அங்க மஜ்ஜை மாத்து சிகிச்சை எடுத்த 2,000-க்கு மேல நோயாளிங்களோட தினசரி ரத்தக் கவுண்ட்டையும் மலத்துல இருக்குற பாக்டீரியாவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்து 2020-ல வெளியிட்டாங்க. இவங்களுக்கு கவுண்ட் பூஜ்யத்துல இருந்து ஏறணும், அதனால எது ஏத்துது எது எறக்குதுன்னு நாள் நாளா தெரியும். ஃபீக்கலிபாக்டீரியம், ருமினோகாக்கஸ், அக்கர்மான்சியா, இந்த மாதிரி வகை கூட இருந்த நாளுகள்ல வெள்ளை அணு ஏறுற வேகம் கூட இருந்துச்சு. சொந்த மலத்த முன்னாடியே எடுத்து வச்சு சிகிச்சைக்கு அப்புறம் திருப்பிக் குடுத்தவங்களுக்கு கவுண்ட் நல்லாவும் இருந்துச்சு. இப்ப பாருங்க, இந்த ஃபீக்கலிபாக்டீரியம் காத்து பட்டாலே சாகுற ஜாதி, மெடிக்கல் ஷாப் பாக்கெட்டுல அது இல்ல. கடைல கெடைக்கிறது ஒண்ணு, மஜ்ஜைக்கு சேதி சொல்றது வேற ஒண்ணு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிரணும். ப்ரோபயாட்டிக் எல்லாருக்கும் ஆபத்தில்லாததுனு ஒரு நெனப்பு இருக்கு. 2008-ல நெதர்லாந்துல கணைய அழற்சில படுத்தவங்க 298 பேர வச்சு சோதனை பண்ணாங்க, ப்ரோபயாட்டிக் குடுத்த பக்கம் 16 சதவீதம் பேர் செத்தாங்க, குடுக்காத பக்கம் 6 சதவீதம். ஐசியூல இருக்குறவங்களுக்குக் குடுத்த லாக்டோபேசில்லஸ் ரத்தத்துலயே போய் ஒக்காந்தது உண்டு, கழுத்துல பெரிய ரத்தக்குழாய்ல டியூப் போட்டவங்களுக்கு அந்த ஈஸ்ட் ரத்தத்துல ஏறுனதும் உண்டு. ஆக, நியூட்ரோபில் 500-க்குக் கீழ இருக்குற, கீமோ எடுக்குற ஆளுக்கு உயிருள்ள கிருமி பாக்கெட்ட நாமளா வாங்கிக் குடுக்கக்கூடாது. யாருக்கு கவுண்ட் ரொம்பக் கம்மியோ அவங்களுக்குத்தான் இது ரொம்ப ஆபத்து, இந்த முரண்பாட்ட மெடிக்கல் ஷாப்ல யாரும் சொல்றதில்ல. உங்க அப்பா நடமாடிக்கிட்டு நல்லா சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு, அவருக்கு அந்தக் குப்பியால கெடுதல் வராது, பெரிய லாபமும் இல்ல, காசுதான் போச்சு.

அப்பத்தா கட்சிக்கு வருவோம். பழைய சோத்துல ராத்திரி முழுக்க லாக்டிக் ஆசிட் பாக்டீரியா வளருது, அதான் அந்தப் புளிப்பு. அத விட முக்கியம், வடிச்ச சோறு ஆறி ஊறும்போது அதுல கொஞ்சம் மாவுச்சத்து கெட்டியாகி சிறுகுடல்ல செரிக்காம பெருங்குடலுக்குப் போற வகையா மாறிருது, அங்க இருக்குற நம்ம ஊர் பாக்டீரியாவுக்கு அது விருந்து. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரில குடல் அழற்சி நோயாளிங்களுக்குப் பழைய சோறு உதவுமான்னு ஆராய்ச்சியே எடுத்தாங்க, அது குடல் நோய்க்கு, ரத்தக் கவுண்ட்டுக்கு இல்ல. ஆக அப்பத்தா சொல்றதுல அடிப்படை இருக்கு, ஆனா குடிச்ச மறுநாள் 3,100 வந்து 6,000 ஆகும்னு எதிர்பாக்காதீங்க. ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பா, சோத்துல ஊத்துற தண்ணிய கொதிக்க வச்சு ஆற வச்சு ஊத்துங்க. நம்ம கரைல கோடைல தண்ணி லாரில வந்து சிமெண்ட் தொட்டில நிக்கும், அந்தத் தண்ணில ஊற வச்சு குடிச்சா டைஃபாய்டுக்கு வெத்தல பாக்கு வச்சு அழைச்ச மாதிரி.

தயிரு மோரு தாராளமா குடுங்க, ஆனா மோர்க்குழம்பு வச்சா அதுல கிருமி செத்துரும், இட்லி அவிக்கும்போதும் அப்படித்தான், அத ப்ரோபயாட்டிக் கணக்குல சேக்க முடியாது, நல்ல சாப்பாடுங்குற கணக்குல சேத்துக்கங்க. 2021-ல ஸ்டான்ஃபோர்டுல 36 பேர ரெண்டு பிரிவாப் பிரிச்சு, ஒரு பிரிவ தயிரு மாதிரி புளிச்ச சாப்பாடு தினம் நெறைய சாப்பிட வச்சாங்க, அவங்களுக்கு குடல்ல பாக்டீரியா வகை கூடுச்சு, ரத்தத்துல அழற்சி காட்டுற 19 புரதம் கொறைஞ்சுச்சு. கருவாடு புளிச்ச பண்டம்தானேனு ஒருத்தர் கேட்டாரு ஒருதடவ, அது உப்புலயும் வெயில்லயும் கிருமிய வளரவிடாம வச்சது, நேரெதிர்.

நாருக்கு நம்ம ஊர்லயே எல்லாம் இருக்கு, வாங்கத்தான் ஆளில்ல. பனங்கிழங்கு, குதிரைவாலிச் சோறு, கம்பு, கேப்பைக் கூழு, அவரை, தட்டப்பயறு, முருங்கைக்கீரை. நம்ம தொழில்காரங்க வீட்டுல மீனு இருந்தா போதும், வெஞ்சனத்துல கீரையே கெடையாது, மூணு வேளையும் வெள்ளச் சோறு மீன் கொழம்புதான். மீன் நல்லதுதான், அதுல நார் இல்லயே. கடல்பாசிய எடுத்துக்கிட்டா, கீழக்கரை பக்கம் நோன்பு தொறக்கும்போது பால்ல காச்சி வைப்பாங்களே அந்தக் கடல்பாசி, அதுவும் நார்தான், நம்ம பொம்பளைங்க மண்டபத்துல முங்கி எடுக்குற பாசில இருந்து எடுக்குறதுதான். ஆனா நம்ம குடல் பாக்டீரியாவுக்கு அத ஒடைக்கிற சாமான் பெரும்பாலும் இல்ல. ஜப்பான்காரங்க காலங்காலமா பாசியச் சுருட்டித் தின்னு தின்னு, பாசி மேல இருந்த கடல் பாக்டீரியாவோட ஜீன் அவங்க குடல் பாக்டீரியாவுக்குத் தாவியிருக்குனு 2010-ல கண்டுபிடிச்சாங்க. நம்ம கரைல பாசிய எடுத்து ஃபேக்டரிக்கு வித்துட்டோம், தின்னல. தின்னிருந்தா என்ன ஆயிருக்குமோ.

கடல்னு சொன்னதும் ஒண்ணு சொல்லாம இருக்க முடியல. வலை மடில மீனோட நட்சத்திர மீனும் வரும்ல, எடுத்து வீசிருவோம். வெள்ளை அணு கிருமியத் தின்னுதுங்குறதே அதோட குஞ்சுல இருந்துதான் தெரிஞ்சுது. மெச்னிக்கோஃப்னு ரஷ்யாக்காரர், 1882-ல இத்தாலில மெசினாங்குற கடக்கரை ஊர்ல, வீட்டுல எல்லாரும் சர்க்கஸ் பாக்கப் போயிட்டாங்க, இவரு தனியா ஒக்காந்து கண்ணாடி மாதிரி இருக்குற நட்சத்திர மீன் குஞ்சுக்குள்ள ஒரு முள்ளக் குத்தி வச்சாரு. காலைல பாத்தா முள்ளச் சுத்தி செல்லு எல்லாம் மொய்ச்சுக்கிட்டு நிக்குது. அதுக்கு 1908-ல நோபல் பரிசு. அதே மனுஷன்தான் வயசான காலத்துல தயிர் குடிச்சா நீண்ட நாள் வாழலாம்னு எழுதி ஐரோப்பா முழுக்க தயிர் பைத்தியத்தக் கெளப்பி விட்டவரு. வெள்ளை அணுவையும் அவரே, தயிரையும் அவரே. ஆனா ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு கட்டிப் பாக்கல, பெருங்குடல் பாக்டீரியா எல்லாம் அழுகல் வெஷம்னே கடைசி வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருந்தாரு, தயிர் அந்த வெஷத்த அடக்கும்ங்குறதுதான் அவரு கணக்கு. இப்ப நமக்குத் தெரியுறது, அவரு வெஷம்னு சொன்ன கூட்டம்தான் அவரு கண்டுபிடிச்ச செல்லுக்கு டோக்கன் எழுதுற எடத்துல ஒக்காந்திருக்கு.

சரி, இப்ப செய்யவேண்டியது. இன்னும் பத்து நாள் கழிச்சு திரும்ப ரத்தம் குடுங்க, முடிஞ்சா அதே லேப்ல, காலைல. டிஃபரென்ஷியலோட, பிளேட்லெட், ஹீமோகுளோபின் எல்லாம் சேத்து. மெஷின் நம்பரோட நிறுத்தாம ஸ்லைடு போட்டு ஒருத்தர் கண்ணால பாக்கட்டும், அதுக்கு பெரிஃபெரல் ஸ்மியர்னு எழுதச் சொல்லணும். கவுண்ட் ஏறியிருந்தா வைரஸ் வேலைதான், விட்டுரலாம். ஏறாம இன்னும் எறங்கியிருந்தாலோ, பிளேட்லெட்டும் ஹீமோகுளோபினும் சேந்து கொறைஞ்சிருந்தாலோ, வாயில புண்ணு, திரும்பக் காய்ச்சல், கழுத்துல கட்டினு ஏதாவது இருந்தாலோ பொது மருத்துவர்கிட்ட போங்க, அவரு தேவைப்பட்டா மதுரைக்கு ரத்த நோய் மருத்துவர்கிட்ட எழுதிக் குடுப்பாரு. அது வரைக்கும் தொழிலுக்கு அனுப்பாதீங்க, காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், வலி ஊசினு எதுவும் வேண்டாம், பாரசிட்டமால் மட்டும். குப்பி மிச்சம் இருந்தா திருப்பிக் குடுத்துட்டு அந்தக் காசுக்கு பனங்கிழங்கு வாங்குங்க, சீசன் இல்லாட்டி தட்டப்பயறு. ரிப்போர்ட் வந்ததும் நியூட்ரோபில் சதவீதத்த மட்டும் எழுதுங்க, மீதி கணக்க நான் போட்டுச் சொல்றேன்.